காலு நரம்புக்கு லேசர் பண்ணிக்கப் போறீங்களா? பணம் கட்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

காலுல ரத்தம் போற நரம்பு சுருண்டு பச்சையா புடைச்சு நிக்கிற வெரிகோஸ் வெயினுக்கு லேசர் பண்ணிக்கிட்டவங்க எங்க மதுரைல நிறையப் பேரு இருக்காங்க, ஆனா பண்ணி முடிச்ச பிறகு உடம்பு என்ன பாடுபடும், கையில இருந்து மொத்தமா எவ்வளவு போகும்னு முழுசா சொல்ல எனக்கு ஒருத்தரும் கிடைக்கல. ஆஸ்பத்திரில கேட்டா "சின்ன ப்ரொசீஜர்மா, காலையில வந்தா சாயந்தரம் நடந்தே வீட்டுக்குப் போயிரலாம்"னு சொல்றாங்க. அது பொய்யில்ல, நானும் நடந்துதான் வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி அலைஞ்சதும் அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி பயந்ததும் இருக்கே, அதை முன்கூட்டியே யாராச்சும் சொல்லியிருந்தா பாதி கஷ்டம் குறைஞ்சிருக்கும். வீட்டுக்காரரு சவுதில டிரைவர், பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல, அதனால இதெல்லாம் தனியாவே பாத்துக்கிட்டேன். என்னை மாதிரி தனியாப் போறவங்களுக்காகத்தான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

நான் ஜவுளிக்கடைல பட்டுச்சேலை செக்‌ஷன்ல பத்து வருஷத்துக்கு மேல நின்னு வேலை பாத்தவ, இப்ப ஃப்ளோர் சூப்பர்வைசர். காலையில ஒன்பதரைக்கு ஏறுனா ராத்திரி ஒன்பது ஆகும், ஆடித் தள்ளுபடி தீபாவளி சீசன்னா இன்னும் லேட்டாகும். ரெண்டாவது பிரசவத்தப்பவே இடது முழங்காலுக்குக் கீழ நரம்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு, வலி இல்லாததால யாரும் பெருசா எடுத்துக்கல. அப்புறம் சாயந்தரமானா காலு கனக்கறது, கெண்டைக்கால் ராத்திரி பிடிச்சு இழுக்கறது, கணுக்கால்கிட்ட செருப்பு வார் பதிஞ்ச தடம் குழியா நிக்கிறதுன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. உள்பக்கக் கணுக்காலுக்கு மேல தோலு கறுத்து, காஞ்சு, அரிப்பு எடுக்க ஆரம்பிச்சப்பதான் பயம் வந்துச்சு. சேத்துப்புண்ணோ சொறியோன்னு நெனச்சு மெடிக்கல்ல ஆயின்மென்ட் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. பின்னாடி பாத்த டாக்டர் சொன்னாரு, காலுல இருந்து ரத்தம் மேல ஏறும்போது திரும்பக் கீழ வராம இருக்க நரம்புக்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கும், அது கெட்டுப்போனா ரத்தம் கீழயே தேங்கி அழுத்தம் கூடும், ரத்தத்துல இருக்கற இரும்புச்சத்து தோலுக்குள்ள கசிஞ்சு படிஞ்சுதான் அந்தக் கறுப்பு வருதுன்னு. அதை விட்டா அடுத்தது புண்ணு, அது ஆற மாசக்கணக்காகும். உங்களுக்கு வெறும் நரம்பு மட்டும் தெரிஞ்சா நிதானமா யோசிக்க நேரம் இருக்கு. கணுக்கால் கறுத்து அரிப்பு எடுத்தாலோ வீக்கம் காலையிலயும் வடியாம இருந்தாலோ தோல் டாக்டர்கிட்டயும் மெடிக்கல்லயும் நாளைக் கடத்தாதீங்க.

முதல்ல போனது விளம்பரம் பெருசா பண்ற ஒரு இடம். கன்சல்டேஷன் ஃப்ரீன்னாங்க. படுக்க வச்சு காலுல ஜெல் தடவி அஞ்சு நிமிஷம் ஸ்கேன் பாத்துட்டு, ரெண்டு காலுலயும் வால்வு போயிருச்சு, ரெண்டுக்கும் லேசர் பண்ணணும், தள்ளிப்போட்டா கால எடுக்கற நிலைமை வரும்னு சொல்லிட்டாங்க. கேட்டதும் எனக்கு கை கால் ஓடல. கூட யாரும் இல்ல, அங்க இருந்த கவுன்சிலர் பொண்ணு "இன்னைக்கு புக் பண்ணா தள்ளுபடி இருக்கு அக்கா"ன்னு சொல்ல, பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டுத்தான் வெளிய வந்தேன். அந்தக் காசு இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல. ரிப்போர்ட் காப்பி கேட்டதுக்கு, இங்க ட்ரீட்மென்ட் எடுக்கறவங்களுக்குத்தான் தருவோம்னாங்க. எம் பொண்ணுதான் ஃபோன்ல "அம்மா, ரிப்போர்ட்டே தராதவங்ககிட்ட கால எதுக்குக் குடுக்கற, வேற டாக்டரைப் பாரு"ன்னு சத்தம் போட்டா.

ரெண்டாவதா போனது ரத்தக்குழாய்க்குன்னே தனியா படிச்ச வாஸ்குலர் சர்ஜன் கிட்ட. அங்க ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டற டாப்ளர் ஸ்கேன் எடுத்த விதமே வேற. ஒரு சின்ன ஸ்டூல் மேல நிக்க வச்சு, வெயிட்ட இன்னொரு கால்ல போடச் சொல்லிட்டு, கெண்டைக்கால ஒரு அமுக்கு அமுக்கி விட்டாங்க, விட்டதும் ரத்தம் மேல இருந்து கீழ எவ்வளவு நேரம் திரும்பி ஓடுதுன்னு ஸ்க்ரீன்ல அளந்தாங்க. அரை செகண்டுக்கு மேல கீழ ஓடுனா அந்த வால்வு கெட்டுப்போச்சுன்னு கணக்கு. கவட்டைல இருந்து கணுக்கால் வரைக்கும் அங்குலம் அங்குலமா அரைமணி நேரத்துக்கு மேல பாத்தாங்க, ஆழத்துல இருக்கற பெரிய நரம்புல ரத்தக்கட்டி இருக்கான்னும் பாத்தாங்க. கடைசில பாத்தா எனக்கு இடது காலுல மட்டும்தான் கோளாறு, வலது காலுல வெறும் மேலாப்புல சிலந்தி மாதிரி மெல்லிசு நரம்பு, அதுக்கு ஒண்ணும் பண்ணவே வேண்டாம்னுட்டாரு. அதனால ஸ்கேனை நின்னுக்கிட்டு எடுத்தாங்களான்னு பாருங்க, எந்த நரம்புல எந்த இடத்துல இருந்து எவ்வளவு நேரம் ரத்தம் திரும்புதுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க, காப்பியை உங்க கையில வாங்கிக்கோங்க. ஸ்கேனுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆச்சு, அந்தக் காசுதான் எனக்கு ஒரு காலோட லேசர் செலவையே மிச்சம் பண்ணிக் குடுத்துச்சு.

அவரு ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சாரு. கணுக்காலுக்கு உள்பக்கம் இருந்து தொடை வழியா கவட்டைக்குப் போற நீளமான நரம்பு ஒண்ணு இருக்கு, அதுல வால்வு கெட்டதுதான் மூல காரணம், அதுக்குள்ள லேசர் ஃபைபரை விட்டு சூடு குடுத்து உள்ளயே ஒட்ட வச்சு மூடிருவாங்க, ரத்தம் ஆழத்துல இருக்கற நல்ல நரம்பு வழியாப் போயிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியற சுருட்டு நரம்பு எல்லாம் அதோட கிளைங்க. கிளை வளைஞ்சு நெளிஞ்சு இருக்கறதால லேசர் ஃபைபர் அதுக்குள்ள போகாது. பெரியத மூடுனா சில கிளை தானா சுருங்கும், சுருங்காதத சின்னதா கீறி எடுக்கணும், இல்லன்னா மருந்த நுரையாக்கி ஊசி போடணும். தயவுசெஞ்சு இத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா என்கூட வார்டுல இருந்த அம்மா "லேசர் பண்ணியும் நரம்பு அப்படியே இருக்கே, ஏமாத்திட்டாங்களே"ன்னு அழுதாங்க, அவங்களுக்கு இத யாருமே விளக்கியிருக்கல. லேசர், ரேடியோ அலையால சூடு குடுக்கற ரேடியோ ஃப்ரீக்வன்சி, பசை வச்சு ஒட்டறது, பழைய மாதிரி கீறி உருவி எடுக்கறதுன்னு வழி பல இருக்கு. எம் பொண்ணு நெட்ல தேடிப் பாத்து, இங்கிலாந்துல 2013ல போட்ட அரசு வழிகாட்டுதல்லயே லேசர் மாதிரி சூடு வச்சு மூடறதுதான் முதல்ல, அது முடியாதவங்களுக்கு நுரை ஊசி, அதுவும் ஒத்துவரலைன்னாத்தான் ஆபரேஷன்னு இருக்குன்னு சொன்னா, அதுக்கப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு.

இப்ப பணத்துக்கு வர்றேன், என்னை ரொம்ப வதைச்சது இதுதான். இன்சூரன்ஸ் இருக்குங்கற நம்பிக்கைல இருந்தேன். குடும்பத்துக்கு நாங்களே ஒரு பாலிசி எடுத்து ஒன்னரை வருஷம் ஆகியிருந்துச்சு. இன்சூரன்ஸ் டெஸ்க்ல உக்காந்திருந்த தம்பி பாலிசி பேப்பரப் புரட்டி, வெரிகோஸ் வெயின் ரெண்டு வருஷ வெயிட்டிங் பீரியட் லிஸ்ட்ல இருக்கு, இப்ப கிளெய்ம் ஆகாதுன்னு காமிச்சாரு. பெரும்பாலான பாலிசில கண்புரை, குடலிறக்கத்தோட இதுவும் அந்த லிஸ்ட்ல இருக்கு, உங்க பாலிசிய இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ரெண்டு வருஷம் முடிய கொஞ்ச நாள்தான் இருக்குன்னா, புண்ணு இல்லாதவங்களுக்குக் காத்திருக்கலாமான்னு டாக்டர்கிட்டயே கேக்கலாம். எனக்குத் தோலு ஏற்கனவே கெட்டுப்போயிருந்ததால நான் காத்திருக்கல. இன்னொண்ணு, சம்பளம் மாசம் 21,000க்குள்ள இருக்கறவங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளருக்கான அரசு காப்பீடு) பிடிச்சா அதுல ட்ரீட்மென்ட் பாக்கலாம், லீவு நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம் நோய்க்கால உதவியா வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். நான் சூப்பர்வைசர் ஆகி அந்த வரம்பத் தாண்டிட்டேன், எனக்கு அதுவும் இல்ல. கவர்மென்ட் ஆஸ்பத்திரில, சென்னை ராஜீவ் காந்தி, எங்க ராஜாஜி மாதிரி பெரிய இடத்துல ரத்தக்குழாய்க்குன்னு தனித் துறையே இருக்கு. காத்திருக்க வேண்டி வரும், ஆனா கடன் வாங்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு நடை போயிட்டு வாங்க.

அந்த வாஸ்குலர் சர்ஜன் ஆஸ்பத்திரில பேக்கேஜ் எண்பத்தஞ்சாயிரம்னாங்க, கையில பில்லு வந்தப்ப ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். கிளை நரம்ப எடுத்ததுக்குத் தனி, ரத்த டெஸ்ட் ஈசிஜிக்குத் தனி, ரூமுக்குத் தனின்னு போட்டிருந்தாங்க. காலுக்கு இறுக்கமா போடற உறை, ஸ்டாக்கிங்ஸ், மூவாயிரத்து இருநூறுக்கு வெளில வாங்குனேன், அப்புறம் நுரை ஊசிக்கு ஒவ்வொரு தடவையும் எட்டாயிரம். ஆட்டோ, மாத்திரை, தொலைஞ்சுபோன அட்வான்ஸ் எல்லாம் சேத்தா ஒன்னரை லட்சத்த ஒட்டிப் போயிருச்சு, சம்பளம் பிடிச்சது வேற. நகையத்தான் வச்சேன். அதனால பேக்கேஜ்ல ஃபைபர் அடக்கமா, கிளை நரம்பு அடக்கமா, மறுபடி எடுக்கற ஸ்கேன் அடக்கமா, ஸ்டாக்கிங்ஸ் அடக்கமான்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. ஃபைபர் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் பயன்படுத்தணும், பில்லுல பெரிய தொகையும் அதுதான், புதுப் பாக்கெட்டான்னு கேக்கறதுல கூச்சமே வேண்டாம்.

லேசர் பண்ற அன்னைக்குக் காலையில போனதும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி "கூட யாரு வந்திருக்கா?" யாரும் இல்லன்னதும் ஒரு மாதிரி பாத்தாங்க, கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும்னு நின்னுட்டாங்க. அப்புறம் கடைல கூட வேலை பாக்கற தங்கச்சி ஒருத்தி பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்தா. தனியா இருக்கறவங்க முந்தின நாளே இத ஆஸ்பத்திரில பேசி வச்சுக்கோங்க. டாக்டர் முன்னாடியே ஒரு கேள்வி கேட்டிருந்தாரு, கோயில் திருவிழா விசேஷம்னு மாதவிலக்கத் தள்ளிப்போட மாத்திரை ஏதும் போடுறீங்களான்னு. சித்திரைத் திருவிழாவுக்கு நம்ம பொம்பளைங்க எத்தன பேரு அத வாங்கிப் போடுறோம், அது ரத்தம் உறையற வாய்ப்பக் கூட்டுமாம். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், மறைக்காமச் சொல்லிருங்க.

நிக்க வச்சு மார்க்கர் பேனாவுல நரம்பு போற வழியெல்லாம் காலுல கோடு போட்டாங்க, படுத்தா நரம்பு வத்தித் தெரியாமப் போயிரும்ல. தியேட்டர்ல ஏசி குளிரு ஒரு பக்கம், கண்ணுக்கு இருட்டுக் கண்ணாடி போட்டு விட்டாங்க, உள்ள இருந்த எல்லாருமே போட்டுக்கிட்டாங்க. முழங்காலுக்குப் பக்கத்துல ஸ்கேன் பாத்துக்கிட்டே ஒரு ஊசி, அது வழியா கம்பி, குழாய், ஃபைபர் எல்லாம் உள்ள போச்சு, அதுல பெருசா வலி இல்ல. வலின்னா அடுத்ததுதான். நரம்பச் சுத்தி மரத்துப்போற மருந்து கலந்த குளுந்த தண்ணிய முழங்கால்ல இருந்து தொடை மேல வரைக்கும் வரிசையா ஊசி போட்டு ஏத்துறாங்க. ஒவ்வொரு குத்தும் சுருக்குங்கும், அப்புறம் அந்த இடம் உப்பி ஜில்லுன்னு ஆகும், மேல போகப் போக தொடைச் சதை மெத்துன்னு இருக்கறதால இன்னும் உறுத்துச்சு. மரத்துப்போறதுக்கு மட்டும் இல்ல, லேசர் சூடு சதையையும் தோலையும் சுடாம காக்கறதும் அந்தத் தண்ணிதான்னு டாக்டர் சொல்லிக்கிட்டே போட்டாரு, அதக் கேட்டதும் பல்லக் கடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் லேசர் ஓடுனப்ப மெஷின் பீப் பீப்னு கத்துனது மட்டும்தான் தெரிஞ்சுது, வலியே இல்ல. சில இடத்துல முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வச்சுப் பண்றாங்க, அப்படிப் பண்ணா சில மணி நேரம் எந்திரிக்க முடியாது. எனக்கு முடிஞ்சதுமே கட்டுப் போட்டு நடக்க விட்டாங்க. நடந்தாத்தான் ரத்தம் கட்டாதுன்னு சொன்னாங்க, எந்த முறைன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

முதல் ரெண்டு நாளு நல்லாவே இருந்தேன், இவ்வளவுதானான்னு நெனச்சேன். ஒரு வாரத்த நெருங்குனப்பதான் ஆரம்பிச்சுது, தொடைக்கு உள்பக்கம் ஒரு கயித்தக் கட்டி இழுத்த மாதிரி, காலை நீட்டி மடக்கவே முடியல. தொட்டா நீளமா கெட்டியா ஒண்ணு தட்டுப்படுது, சுத்தியும் கத்தரிப்பூ கலர்ல கன்னிப்போயிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா உக்காந்து, ரத்தக்கட்டிதான் போல, இது நெஞ்சுக்குப் போயிருமோன்னு அழுதேன். அந்த மூடுன நரம்பு சுருங்கி இறுகுறப்ப வர்ற இழுப்புதான் அது, அஞ்சாவது நாள்ல இருந்து பத்தாவது நாள் வாக்குல நிறையப் பேருக்கு வரும்னு மறுநாள் டாக்டர் சொன்னாரு. இந்த ஒரு வரிய டிஸ்சார்ஜ் பண்ணப்பவே சொல்லியிருக்கலாம். நடக்க நடக்கக் குறைஞ்சுது, படுத்தே கிடந்த அன்னைக்குக் கூடுச்சு. பயப்பட வேண்டியது வேற. கெண்டைக்கால் மொத்தமும் திடீர்னு வீங்கி இறுகி வலிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு வலிச்சாலோ, காய்ச்சலோட தோலு சிவந்து சீழ் வச்சாலோ விடியட்டும்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். மூடுன இடத்துல இருந்து ரத்தக்கட்டி ஆழத்து நரம்புக்குள்ள நீண்டிருக்கான்னு பாக்கத்தான் ஒரு வாரம் வாக்குல மறுபடி ஸ்கேன் எடுக்கறாங்க, வலி இல்லன்னு அதத் தவிர்க்காதீங்க. எனக்குக் கணுக்காலுக்கு மேல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்துச்சு. முழங்காலுக்குக் கீழ அந்த நரம்பு ஒட்டியே உணர்ச்சி நரம்பும் ஓடுறதால அப்படி ஆகுமாம், மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா திரும்பி இப்ப ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இருக்கு.

ஸ்டாக்கிங்ஸப் பத்தி சொல்லியே ஆகணும். மதுரை வெயில்ல தொடை வரைக்கும் இறுக்கமா அதப் போட்டுக்கிட்டு இருக்கறது லேசர விடக் கஷ்டம். அளவெடுக்காம எஸ், எம், எல்னு தூக்கிக் குடுக்கறத வாங்காதீங்க, காலையில வீக்கம் இல்லாதப்ப கணுக்கால், கெண்டை, தொடைன்னு டேப் வச்சு அளந்துதான் வாங்கணும். படுக்கைல இருந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடியே போட்டுரணும், கால் வீங்குன பிறகு ஏறாது. விரல் திறந்த மாடலா இருந்தா, முதல்ல ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் கவர பாதத்துல மாட்டிக்கிட்டு அது மேல ஸ்டாக்கிங்ஸ ஏத்துங்க, ஏறுனதும் கவர விரல் வழியா உருவிரலாம். கைக்குப் பாத்திரம் கழுவற ரப்பர் கிளவுஸ் போட்டா சுருக்கம் இல்லாம நீவி விடலாம். மேல் விளிம்பு சுருண்டு தொடைல வெட்டுனா அப்படியே விடாதீங்க. சுகர் இருக்கறவங்க, பீடி சிகரெட் பிடிக்கறவங்க, காலுக்கு வர்ற நல்ல ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு பாக்காம இறுக்கமா எதையும் போடக்கூடாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும்.

இவ்வளவு பட்டதுல நிம்மதியான விஷயம், கனமும் ராத்திரி பிடிப்பும் ஒரு மாசத்துக்குள்ள போயிருச்சு. அரிப்பு நின்னுருச்சு. கறுப்பு மட்டும் லேசா வெளுத்திருக்கு, முழுசா போகாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. மிச்சக் கிளைக்கு நுரை ஊசி போட்டதுல அந்த வழியெல்லாம் காப்பிக் கலர்ல கோடு விழுந்திருக்கு, மாசம் ஆக ஆக மங்குது. காலு பளிச்சுன்னு ஆகும்னு எதிர்பாத்துப் பண்ணாதீங்க, வலி போகணும் புண்ணு வராம இருக்கணும்னு பண்ணுங்க. வேற நரம்புல திரும்ப வரவும் வாய்ப்பு இருக்கு.

லேசர் இப்பவே வேண்டாம்னு இருக்கறவங்களும் ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. எங்க கடை அக்கா ஒருத்தங்களுக்குக் குளிக்கறப்ப கணுக்கால்கிட்ட புடைச்ச நரம்பு உடைஞ்சு ரத்தம் பீச்சி அடிச்சிருச்சு, பதறிப்போயி நின்னுக்கிட்டே மேல துணியக் கட்டியிருக்காங்க, ரத்தம் நிக்கவே இல்ல. அப்படி ஆனா உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேல உயரத் தூக்கி வச்சு, சுத்தமான துணியால ரத்தம் வர்ற இடத்துலயே பத்து நிமிஷம் கை எடுக்காம அழுத்திப் பிடிக்கணும், நின்னதும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

திரும்ப வேலைக்குப் போனப்ப மேனேஜர்கிட்ட உக்கார இடம் கேட்டேன், கஸ்டமர் பாத்தா நல்லாருக்காதுன்னாரு. தமிழ்நாட்டுல 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தத் திருத்தி 22-ஏ ன்னு ஒரு பிரிவு சேத்திருக்காங்க, கடைல வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் உக்கார வசதி வச்சே ஆகணும்னு. கேரளாவுல அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. அதப் பிரிண்ட் எடுத்துக் குடுத்து, டாக்டர் லெட்டரையும் வச்சு, கூட வேலை பாக்கற பொம்பளைங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டுப் போய் மறுபடி கேட்டோம். இப்ப சேலை செக்‌ஷன்ல ரேக்குக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டிருக்காங்க, கஸ்டமர் இல்லாதப்ப மாத்தி மாத்தி உக்காரலாம். கேஷ் கவுன்டர்லயும் ரெடிமேட் ஃப்ளோர்லயும் இன்னும் வரல, அதுக்கும் எழுதிக் குடுத்திருக்கோம். நிக்கறப்ப சும்மா நிக்காம குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லி எங்க ஃப்ளோர்ல இருக்கற சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்கேன், கெண்டைக்கால் சதை அமுங்கறப்பதான் ரத்தம் மேல ஏறும். அவங்கள்ல ரெண்டு பேருக்கு இப்பவே முழங்காலுக்குப் பின்னாடி பச்சை நரம்பு தெரியுது. அவங்களுக்கு இஎஸ்ஐ இருக்கு, கார்டை எடுத்துக்கிட்டு டிஸ்பென்சரிக்குப் போய் ஸ்கேனுக்கு எழுதி வாங்கச் சொல்லியிருக்கேன்.